போடியில் வழங்கும் மொழிகள்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வாணிகத்தால் பெயர்பெற்ற நகரம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் பேசும் மொழி யாது என்று வினவினால், 'தமிழ்தானே!' என்பீர்கள். கடைத்தெருவில் நின்று கேட்பவருக்கு அவ்வாறே தோன்றும். வீட்டு வாயிலைத் தாண்டினால்தான் விவரம் விளங்கும்.

மதுரை நாயக்கர் காலத்தில் பாளையமாக விளங்கிய ஊர் இது. இங்குள்ள இராசகம்பள நாயக்கரின் வீட்டு மொழி தெலுங்கு. ஒக்கலிகரும் காப்பிலியரும் கன்னடம் பேசுவர். ஆயினும் இவர்களுள் பெரும்பாலோர் அம்மொழிகளின் எழுத்தை அறியார். பல தலைமுறைகளாக அவை பாட்டிமார் நாவிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றன.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சேர்க்கைப் பதிவேட்டில் 'தாய்மொழி' என்னும் கட்டம் வந்ததும் பெற்றோர் சிலர் தயங்குவர். வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், "கன்னடந்தாங்கய்யா. தமிழ்னே எழுதிக்கிருங்க" என்பர். அதில் பொய்யில்லை. படிப்பதும் கணக்குப் பார்ப்பதும், ஏன், சண்டையிடுவதுங்கூடத் தமிழில்தானே! எனினும் அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். எழுதப்படாத மொழி முதலில் ஏட்டிலிருந்து மறைகிறது; பின்னர் வீட்டிலிருந்தும் மறையத் தொடங்குகிறது. பாட்டி கன்னடத்தில் கேட்க, பேரன் தமிழில் விடையிறுக்கும் வீடுகள் இன்று பல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியோடு, அறிந்த பிற மொழிகள் இரண்டையும் சொல்ல இடமுண்டு. கன்னடத்தைத் தாய்மொழியென்றும் தமிழைப் பிறமொழியென்றும் ஒருவர் சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது என்பது என் கருத்து.

மலைக்கு வருவோம். குரங்கணிக்கு மேலுள்ள சரிவுகளில் முதுவர் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தனர் என்பது அவர்களது மரபுக் கதை. அவர்கள் பேச்சும் தமிழுக்கு நெருங்கிய உறவுடையது.

போடிமெட்டைக் கடந்தால் கேரளம். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. எல்லைக்கோடு மலைமீது விழுந்தது. வேலையோ கோட்டைத் தாண்டியே இருந்தது. இன்றும் விடியற்காலையில் நம் பெண்கள் ஜீப்புகளில் ஏறி, ஏலத்தோட்டங்களில் காயெடுத்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர். தோட்டக்காரரின் மலையாளம் அவர்களுக்கு விளங்கும். அவர்களது தமிழ் அவருக்கு விளங்கும். கூலி பேசும்போது மட்டும் அவரவர் மொழி வந்துவிடும் என்று, தோட்டத்துக்குச் சென்றுவரும் ஓர் அம்மையார் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.