நிறத்தின் பெயரும் பணியின் பெயரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாழும் நம் பிள்ளைகளுள் சிலர் மைசூரிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் பணியாற்றுகின்றனர். அவர்கள் நிரல் எழுதும் 'எடிட்டர்' என்னும் கருவியில் எழுத்துகள் பல நிறங்களில் ஒளிரும். குறிப்புரைக்கு ஒரு நிறம். எண்ணுக்கு ஒரு நிறம். பிழைக்கு ஒரு நிறம். அவற்றை அவரவர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். அங்ஙனம் மாறக்கூடிய நிறத்திற்கு எப்பெயர் இடுவது? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

'சிவப்பு' என்றே பெயரிட்டோம் எனக் கொள்வோம். ஒருவர் அதனை நீலமாக மாற்றிவிட்டால், அப்பெயர் பொய்யாகிவிடும் அன்றோ? 1991இல் முதன்முதல் வெளிவந்த 'விம்' என்னும் எடிட்டரில் இவ்விடர்ப்பாடு இல்லை. குறிப்புரை, மாறிலி, பிழை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களே அங்கு நிறக்குழுக்களின் பெயர்கள். 'ஈமாக்ஸ்' என்னும் மற்றொரு எடிட்டரோ எழுத்தின் தோற்றத்தை 'முகம்' என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குகிறது. பூசும் வண்ணம் மாறினும் முகத்தின் பெயர் மாறாது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நம் சிக்னல் விளக்குகளில் சிவப்பு 'நில்' என்பது, ஒரு மஞ்சள் 'எச்சரிக்கை', இரு மஞ்சள் 'கவனம்', பச்சை 'செல்க'. பணியே பெயர், நிறம் அதன் உடை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெள்ளை விளக்கே 'செல்க' என்றும், பச்சை 'எச்சரிக்கை' என்றும் பொருள்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் பச்சை 'செல்க' ஆயிற்று. நிறம் மாறியது, பணியின் பெயர் நிலைத்தது.

இஃது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதார் நம்மிடையே உளர். 1875இல் சுவீடன் நாட்டின் லாகர்லுண்டாவில் நேர்ந்த ரயில் விபத்திற்குப் பின், ஹோல்ம்கிரன் என்னும் பேராசிரியர் வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியர்களின் நிறப்பார்வையைச் சோதித்தார். அத்தகைய குறையுடையார் இன்றும் ரயில் ஓட்ட இயலாது. ஆனால் கணினியின்முன் அவர்க்குத் தடை ஏது? 'பிழை' என்று பெயர் இருந்தால், அதற்குத் தம் கண்ணுக்குத் தெரியும் நீலத்தையோ மஞ்சளையோ அமைத்துக்கொண்டு வேலையை முடிப்பார். 'சிவப்பு' என்று மட்டும் இருந்தால் அவர் திகைத்து நிற்பார். நல்ல பெயர் ஒருவரது பிழைப்பைக் காக்கும்.

அங்ஙனமாயின் நிறப்பெயர்கள் வேண்டாவோ? வேண்டும், வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவை வேண்டும். இணையப் பக்கங்களுக்கென வகுத்த ஆங்கிலப் பட்டியலில் 'அடர் சாம்பல்' என்பது வெறும் 'சாம்பல்' நிறத்தினும் வெளிறியது! நம் சேலைக்கடைகளில் வழங்கும் கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, வெங்காய நிறம் என்பனவோ கண்ணால் கண்ட பொருளைச் சுட்டுவன, மயக்கம் தாரா. நாம் 'செம்மை' என்பதன் உறவே கன்னடத்தாரின் 'கெம்பு'. நம் 'பசுமை'யின் உறவே அவர்களின் 'ஹசிரு'. அண்டை வீட்டாரோடும் நமக்கு இச்செல்வம் பொதுவே.

ஆதலின், கணினிக் கருவிகளைத் தமிழாக்க முன்வரும் இளைஞர்க்கு என் வேண்டுகோள் இது: அமைப்புப் பட்டியலில் பணியின் பெயரை எழுதுங்கள்; வண்ணப் பெட்டியில் நிறத்தின் பெயரை எழுதுங்கள். இரண்டையும் கலவாதீர்கள்.