சிலுவை இல்லாத அரசர்

சதுரங்கப் பலகையில் அரசர் எது என்று கேட்டால், தலையில் சிலுவை தாங்கிய காய்தான் அரசர் என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடங்களிலும் மன்றங்களிலும் நாம் கையாளும் காய்கள் பெரும்பாலும் ஸ்டாண்டன் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் நத்தானியல் குக் என்பவர் 1849ஆம் ஆண்டில் பதிவு செய்த வடிவம் அது. லண்டன் ஜாக்ஸ் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டாண்டனின் பெயரையே அதற்குச் சூட்டினர். உலகப் போட்டிகளில் இன்றும் அந்த வகைதான் ஆட்சி செய்கிறது.

ஆனால் தலையில் சிலுவை இல்லாத அரசர்களும் உண்டு. சோவியத் நாட்டில் பல்லாயிரக்கணக்கில் செய்யப்பட்ட மரக்காய்களில் அரசரின் உச்சியில் ஒரு சிறு குமிழோ, நீர்த்துளி போன்ற முனையோதான் இருக்கும். அந்தக் காய்களைப் போலவே இப்போது கையால் கடைந்து செய்து விற்கிறார்கள். நல்ல விலை கொடுத்து வாங்குவோரும் பெருகியிருக்கிறார்கள். அப்படி ஒரு பெட்டியை வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதில் எதைக் கண்டு மகிழ வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் அந்தக் காய்கள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொள்வோம். 1917 புரட்சிக்குப் பின், சதுரங்கத்தைப் பாமர மக்களின் ஆட்டமாக்க வேண்டும் என்று சிலர் முனைந்தனர். இலியின்-ஜெனெவ்ஸ்கி என்பவர் இராணுவப் பயிற்சித் துறையின் துணையோடு 1920இல் மாஸ்கோவில் அகில ரஷ்யப் போட்டி ஒன்றை நடத்தினார். அதில் வென்றவர் அலெக்கைன். 1925இல் மாஸ்கோ மெட்ரபோல் ஓட்டலில் உலக வல்லுநர்கள் கூடி ஆடினர். லாஸ்கரும் காப்பாபிளாங்காவும் வந்திருந்தும் முதலிடம் பகல்யூபவுக்குக் கிடைத்தது. அந்தப் போட்டியின்போது எடுத்த காட்சிகளைச் சேர்த்து ‘சதுரங்கக் காய்ச்சல்’ என்று ஒரு நகைச்சுவைப் படமே எடுத்தார்கள் என்றால் ஊரில் எத்தகைய பைத்தியம் பிடித்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை மன்றம், படைமுகாம், பள்ளிக்கூடம், பூங்கா என்று எங்கும் பலகை விரித்தார்கள். 1948இல் போட்வின்னிக் உலக வெற்றியாளரானார். அதிலிருந்து 1972இல் ஃபிஷர் வெல்லும் வரை அந்தப் பட்டம் சோவியத் நாட்டை விட்டு வெளியே போகவில்லை.

இத்தனை பேருக்கும் காய்கள் வேண்டுமே! சிரமமின்றிச் செய்யக்கூடியதாக, மலிவானதாக, எந்தத் தொழிலாளியும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நாட்டுக் காடுகளில் ஏராளமாகக் கிடைத்தது பிர்ச் மரம். கைவினைஞர் கூட்டுறவுச் சங்கங்களிலும் பிறகு தொழிற்சாலைகளிலும் அதைக் கடைசல் பிடித்துக் காய்களாக்கினார்கள். ஒரு பாதியை இயல்பான நிறத்தில் விட்டு, மறுபாதிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, மேலே வார்னிஷ் பூசினார்கள். பலகையை இரண்டாக மடித்தால் அதுவே காய்களை வைக்கும் பெட்டி. பெட்டிக்குள் தொழிற்சாலையின் பெயரையும் விலையையும் முத்திரையாகக் குத்துவதும் வழக்கம். இப்போது காட்சிப்பொருளாக விலை பேசப்படும் பழைய பெட்டிகளைத் திறந்தால், உள்ளே அந்தச் சில ரூபிள் விலை இன்னும் பதிந்திருப்பதைக் காணலாம். அது ஏழையின் பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிலுவை இல்லாததற்கு மத எதிர்ப்புக் கொள்கையே காரணம் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் புரட்சிக்கு முன்பே வியன்னா காப்பிக்கடைகளில் புழங்கிய காய்களிலும் சிலுவையற்ற அரசர்கள் இருந்திருக்கிறார்கள். சோவியத் காய் பாதி ஸ்டாண்டன், பாதி அந்தக் காப்பிக்கடை மரபு. கொள்கை அந்த மரபுக்குத் துணை நின்றிருக்கலாம். அதுவே அதைப் பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது.

காப்பிக்கடை மரபிலிருந்து வந்த இன்னோர் அழகு, முனைகளின் நிறம். பல சோவியத் பெட்டிகளில் வெள்ளை அரசருக்குக் கறுப்பு முனையும், கறுப்பு அரசருக்கு வெள்ளை முனையும் வைத்திருப்பார்கள். சாய்வாக நகரும் மந்திரிக்கும் அப்படியே. வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். மங்கலான விளக்கொளியில், வேகமாக ஆடும்போது, ஒத்த உயரமுள்ள காய்களை ஒரே பார்வையில் பிரித்தறிய அது உதவுகிறது.

மந்திரி என்று சொன்னேன். ஆங்கிலேயர் அதனைப் பாதிரியார் என்பதால், அவர் அணியும் தொப்பியின் பிளவைக் காட்ட அதன் தலையில் ஒரு வெட்டு வைத்தார்கள். ரஷ்ய மொழியில் அதே காய்க்கு ‘ஸ்லோன்’ என்று பெயர். ஸ்லோன் என்றால் யானை! அரசியை அவர்கள் ‘ஃபெர்ஸ்’ என்கிறார்கள். அமைச்சரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் பழைய சதுரங்கச் சேனையின் யானையும் அமைச்சரும் பாரசீகம் வழியாக நடந்து போய் ரஷ்யப் பேச்சில் இன்றும் வாழ்கிறார்கள். பெயரில் பாதிரியார் இல்லாததால் பல சோவியத் பெட்டிகளில் அந்தத் தலைவெட்டும் இல்லை.

குதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றக் காய்களைக் கடைசல் எந்திரம் செய்துவிடும். குதிரைத் தலையைச் செதுக்க மனிதக் கை வேண்டும். லண்டன் குதிரைக்குப் பிடரிமயிர், பல், மூக்குத்துளை எல்லாம் நுணுக்கமாக இருக்கும். சோவியத் குதிரை அப்படியன்று. பக்கங்கள் ஏறக்குறையத் தட்டையாக, ஐந்தாறு வெட்டில் முடிந்திருக்கும். ஆனாலும் நல்ல பெட்டிகளில் அந்தச் சில வெட்டுகளிலேயே கழுத்தின் வளைவும் காதின் விறைப்பும் வந்துவிடுகின்றன. என் கண்ணுக்கு இதுதான் அதிகத் திறமை.

இனி, சற்றுக் கனமான செய்தி. மொர்தோவியா என்னும் பகுதியில், யாவாஸ் என்ற ஊரை மையமாகக் கொண்டு பெரிய சிறைமுகாம்கள் இருந்தன. சின்யாவ்ஸ்கி, டேனியல் ஆகிய எழுத்தாளர்கள் 1966இல் தண்டனை பெற்று அனுப்பப்பட்டதும் மொர்தோவிய முகாம்களுக்குத்தான். அம்முகாம்களில் கைதிகள் செய்த பொருள்களில் சதுரங்கக் காய்களும் உண்டு. சேகரிப்போர் இவற்றை ‘மொர்தோவியக் காய்கள்’ என்று அழைத்துத் தேடி வாங்குகின்றனர். மெலிந்து உயர்ந்த வடிவம், அழகான வளைவுகள். அந்த வளைவுகளைப் பாராட்டும்போது, கடைசலில் நின்றவர் விரும்பி வந்தவர் அல்லர் என்பதையும் சேர்த்து அறிந்திருப்பது நல்லது. அதே வடிவத்தை இன்று நகலெடுத்து விற்போர் பலர் இதைச் சொல்வதில்லை.

பெயர்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ‘தால் காய்கள்’, ‘போட்வின்னிக்–ஃப்ளோர் காய்கள்’ என்றெல்லாம் விளம்பரங்களில் காண்பீர்கள். போட்வின்னிக்கும் ஃப்ளோரும் 1933இல் 12 ஆட்டங்கள் ஆடி 6–6 என்று சமநிலையில் முடித்தது வரலாறு. தால் 1960இல் உலக வெற்றியாளரானதும் வரலாறு. ஆனால் இப்பெயர்கள் தொழிற்சாலைகள் வைத்தவை அல்ல. பழைய நிழற்படங்களில் அந்த வீரர்களின் முன்னால் இருந்த காய்களைக் கண்டு, பிற்காலத்துச் சேகரிப்பாளரும் விற்பனையாளரும் சூட்டியவை. பெயருக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

இன்று விற்கும் நகல்களில் பலவும் ரஷ்யாவிலிருந்து வருபவை அல்ல. இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்து அமிர்தசரஸ் நகரப் பட்டறைகளில் செய்யப்படுபவை. மரத்தை அறுத்து, பல மாதம் உலர வைத்து, கட்டையாக நறுக்கிக் கடைசலில் ஏற்றுகிறார்கள். அடியில் துளையிட்டு உலோக எடை வைத்து மூடி, கம்பளித் துணி ஒட்டுகிறார்கள். குதிரைத் தலையைச் செதுக்குவதற்கென்றே தனித் தொழிலாளர் உண்டு. பெட்டியின் விலையில் பெரும்பங்கு அந்த நான்கு குதிரைகளால் கூடுகிறது. ஆகவே நகல் ஒன்றை வாங்கும்போது முதலில் குதிரைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே உயரமா? ஒரே திசையில் தலை சாய்த்திருக்கின்றனவா? சோவியத் குதிரை என்று சொல்லிவிட்டு லண்டன் குதிரையைப் போல மயிரும் பல்லும் நிறைத்திருந்தால், செதுக்கியவரின் உழைப்பு உண்மையானதுதான். ஆனால் நீங்கள் கேட்ட பொருள் அதுவன்று.

மரத்திலும் இதே கேள்வி எழுகிறது. கருங்காலியில் செய்த பெட்டியை உயர்ந்ததென்று காட்டுவார்கள், விலையும் பல மடங்கு. மூலக் காய்களோ சாயமேற்றிய சாதாரண மரம். ஆதலால் வெளிர்நிறப் பாக்ஸ்வுட் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய பெட்டியே சோவியத் பாணிக்கு நெருக்கமானது. நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கும் அது ஏற்றது. வெளியே ஈரப்பதம், அறைக்குள் குளிர்சாதனத்தின் வறட்சி என்று மாறி மாறிப் படும்போது கருங்காலி எளிதில் வெடிக்கும். ஷீஷம் போன்ற ஈட்டி இன மரங்களுக்கு 2017 முதல் அனைத்துலக வாணிகக் கட்டுப்பாடும் இருக்கிறது. அம்மரத்துக் காய்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் உரிய தாள்கள் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலகையை மறந்துவிடாதீர்கள். போட்டிகளுக்கு அரசர் சுமார் 9.5 சென்டிமீட்டர் உயரமும், கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும் என்பது உலகச் சம்மேளனத்தின் அளவு. வீட்டில் அளவுகோல் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. நான்கு காலாட்களை ஒரே கட்டத்துக்குள் நிறுத்துங்கள். அவை அடங்கினால் பலகை சரி. பிதுங்கி வெளியே நின்றால் இன்னும் பெரிய பலகை தேவை. சோவியத் காய்களுக்கு அடிப்பாகம் அகலமாக அமைவதுண்டு. அதனால் உயரத்தை மட்டும் பார்த்துப் பலகை வாங்குவோர் ஏமாந்து போவர்.

பழைய மூலப் பெட்டியே வேண்டும் என்பவர் முதலில் 32 காய்களையும் எண்ணட்டும். அடுத்து முனைகளைப் பார்க்கட்டும். முதலில் உடைந்து தொலைவது அவைதாம், பிறகு யாரோ வேறு மரத்தில் செய்து ஒட்டியிருப்பார்கள். கறுப்பு தேய்ந்து கீழே மரம் தெரிந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. விரல் படும் கழுத்தில் தேய்ந்திருந்தால் நிறைய ஆட்டம் கண்ட காய். விரலே படாத இடங்களிலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால், உப்புத்தாள் தேய்த்துப் பழமை ஏற்றிய காய் என்று சந்தேகிக்கலாம். புதிதாக வண்ணம் பூசிப் பளபளப்பாக்கிய பழைய காயைவிடக் கறைபட்ட காயையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயில் தால் பெயரில் ஒரு சதுரங்க மன்றம் நடந்தது. சிறுவனாயிருந்த விசுவநாதன் ஆனந்து அங்கே சென்று ஆடிப் பழகினார். அவர் பிற்காலத்தில் உலக வெற்றியாளரானதை நேயர்கள் அறிவார்கள். அத்தகைய மன்றங்களில் காய்கள் கண்ணாடிப் பேழையில் இருந்ததில்லை. நாள்தோறும் பலரின் கையில் இருந்தன.

நீங்கள் வாங்கும் பெட்டியையும் அப்படியே ஆடுவதற்கு எடுங்கள். ஆடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும், ஈரத்துணி வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை சிறிது தேன்மெழுகு தடவலாம். குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்திலும் வெயில் விழும் சன்னலோரத்திலும் வைக்காதீர்கள். அடியிலுள்ள துணியில் பூஞ்சணம் பிடித்தால் அதை மட்டும் உரித்துவிட்டுப் புதுத்துணி ஒட்டிக்கொள்ளலாம். அரசரின் முனை கழன்று விழுந்தால், சிறிது மரப்பசையில் திரும்ப ஒட்டிவிடுங்கள்.