“பஞ்சி” என்று சொல்வதற்கு முன்: வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைகளும் நமது கடமையும்

(சிட்னியில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் மருத்துவன் அல்லன், உளவியலாளனும் அல்லன். வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன். ஆகவே, என்னுடைய தவறொன்றைச் சொல்லித் தொடங்குவதே முறையாகும்.

என் வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நன்றாகத் தமிழ் பேசுவான். ஒருமுறை கேட்ட கதையை ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால், புத்தகத்தைத் திறந்தவுடன் வயிற்றுவலி என்பான். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்பான். பெற்றோர் சந்திப்பின்போது அவனுடைய தந்தையிடம், “கெட்டிக்காரன்தான், ஆனால் சரியான பஞ்சி” என்று சொன்னேன்.

அந்த ஒரு சொல் அந்த வீட்டில் என்ன செய்தது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். பிள்ளையின் விளையாட்டு நிறுத்தப்பட்டது. இரவு ஒன்பது மணிவரை வாசிப்பு. அதற்குமேல் இரண்டு ரியூசன் வகுப்புகள். பத்தாவது வயதில் கல்வி உளவியலாளர் ஒருவர் பரிசோதித்த பின்னரே அவனுக்கு டிஸ்லெக்சியா இருப்பது தெரியவந்தது. அறிக்கையோடு வந்த தந்தை என்னைக் குறை சொல்லவில்லை. “சேர், இதிலை எழுதியிருக்கிறது முழுக்க என்னைப் பற்றியும்தான். ஊரிலை என்னை மக்கு எண்டுதான் சொன்னவை” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அன்பார்ந்தவர்களே, டிஸ்லெக்சியா புதிய கண்டுபிடிப்பு அன்று. 1896 ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், அறிவும் திறமையும் நிறைந்திருந்தும் வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். இது கண்ணின் குறையன்று, அறிவின் குறையுமன்று. பேச்சிலுள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துணர்ந்து, அவற்றை எழுத்தோடு விரைவாக இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமமே இதன் அடிப்படை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்தாகும். இது குடும்பவழியாகவும் வருவது. எனவேதான் மகனின் அறிக்கையில் அந்தத் தந்தை தம்மைக் கண்டார்.

“தமிழ் எளிய எழுத்துமுறை, தமிழில் இந்தச் சிக்கல் வராது” என்று சிலர் கூறுவதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பட்’ என்னும் சொல்லிலும் ‘புட்’ என்னும் சொல்லிலும் நடுவில் நிற்பது ஒரே எழுத்துத்தான், ஒலிகளோ வேறு. தமிழில் அத்தகைய குழப்பம் மிகக் குறைவு. ஆயினும், நம் பிள்ளை 247 எழுத்துகளை எதிர்கொள்ள வேண்டும். ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்பதில் அது இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் செவியிலும் நுண்மையானவை. ஆகவே, ஆங்கிலத்தில் பிழையாக வாசிக்கும் பிள்ளை தமிழில் சரியாக, ஆனால் மிகமிக மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடும். 2001 இல் பவுலேசு என்பவரின் தலைமையில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளைப் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வும், மொழி வேறானாலும் மூளையில் காணப்படும் அடிப்படை ஒன்றே என்று காட்டியது.

இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறது” என்று யாரேனும் அறிவுரை கூறினால் அஞ்ச வேண்டாம். இரண்டு மொழிகள் பேசுவதால் டிஸ்லெக்சியா உண்டாவதில்லை. வாசிப்பில் தோற்றுப் போகும் பிள்ளையிடமிருந்து அம்மம்மாவோடு பேசும் மொழியையும் பறிப்பது இரட்டைத் தண்டனை ஆகும். அதேவேளை, “தமிழ் இரண்டாம் மொழிதானே” என்று அடையாளங்களைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. சரளமாகப் பேசும் பிள்ளை இரண்டு ஆண்டுகள் கற்றும் எழுத்துக் கூட்ட இயலாமல் தவித்தால், அதனை முதலில் காணக்கூடியவர் தமிழ் ஆசிரியராகவும் இருக்கலாம்.

என்ன செய்யலாம்? ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். வாயாலும் சொல்ல வைக்கிறோம். கண், செவி, வாய், விரல் ஆகிய நான்கும் அங்கே ஒன்றுசேர்கின்றன. வாசிப்பு இடர்பாடுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு நாளின் முறை பல மாதங்கள் வேண்டும், அவ்வளவே. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, ஒழுங்காக, மீண்டும் மீண்டும் கற்பிப்பதே பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். மூன்று மணிநேர அழுகை வேண்டாம். பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒலிநூல்களைக் கேட்கச் செய்யுங்கள். நிறக் கண்ணாடிகள் குணமாக்கும் என்ற விளம்பரங்களுக்குப் பணத்தைச் செலவிடாதீர்கள். அவற்றுக்கு உறுதியான ஆய்வு ஆதாரம் இல்லை.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 1992 ஆம் ஆண்டின் இயலாமைப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும், அதன்கீழ் 2005 இல் வந்த கல்வி நியமங்களும், மாணவரோடும் பெற்றோரோடும் கலந்து பேசி நியாயமான மாற்றங்களைச் செய்யுமாறு பாடசாலைகளைப் பணிக்கின்றன. எச்.எஸ்.சி., வி.சி.இ. தேர்வுகளில் மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைத் தக்க சான்றுகளுடன் பாடசாலை மூலம் கோரலாம். இது சலுகையன்று, உரிமை. நியூ சவுத் வேல்ஸ் அரச பாடசாலைகளில் 2021 முதல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒலியெழுத்துப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. விக்ரோரியாவில், அரச பாடசாலைகளின் தொடக்க வகுப்புகளில் நாள்தோறும் குறைந்தது 25 நிமிடம் ஒலியெழுத்து முறையில் கற்பிக்கும் திட்டம் 2024 இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பெல்ட் அமைப்புகள் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பெற்றோருக்கு வழிகாட்டுகின்றன.

தாய்த் தமிழகத்திலும் இம்முயற்சி உண்டு. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கம் முதல் சென்னையில் இப்பணியை ஆற்றி வருகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் கற்றல் இடர்பாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. நாம் மட்டும் ஏன் இன்னும் மறைக்கிறோம்? “செலக்ரிவ் பாடசாலை கிடைக்காது, நாலு பேர் என்ன நினைப்பார்கள்” என்ற அச்சமே காரணம். போரையும் கடலையும் கடந்து வந்த சமூகம் ஓர் உளவியல் அறிக்கைக்கு அஞ்சுவதா?

இளையோரே, உங்களில் யாரேனும் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லும்போது நெஞ்சு படபடக்க இருந்தால், அது உங்கள் அறிவின் அளவுகோல் அன்று. நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள். கேலி செய்யப்படும் நண்பன் இருந்தால் அவன் பக்கத்தில் அமருங்கள்.

அந்தச் சிறுவன் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். டிஸ்லெக்சியா மறைந்துவிடுவதில்லை. ஆனால், சென்ற ஆண்டு விழாவில் ஒரு பக்கக் கட்டுரையை மேடையில் தானே வாசித்தான். முடிக்க நெடுநேரம் பிடித்தது. சபை காத்திருந்தது. முன்வரிசையில் அவனுடைய தந்தை, மகனோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது அந்தப் பொறுமையைத்தான். “பஞ்சி” என்ற சொல் வாய்வரை வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். “உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.