கண் பழகும் வரை

(தெமட்டகொடையில் நடைபெற்ற சித்திரைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



படம் பிடித்தலையும் வழிபாட்டையும் சேர்த்து ஏதாவது சொல்லும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் சித்தாந்தம் கற்ற பண்டிதனல்லேன், பேர்பெற்ற கலைஞனுமல்லேன். இந்தத் தெமட்டகொடையிலே பிறந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கமெராவைத் தோளிலே கொழுவித் திரிந்தவன். அந்தத் துணிவு ஒன்றோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

இது இளவேனிற் காலம். கொழும்பிலே இளவேனில் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். வியர்வை துடைத்துக் கை ஓயாத மாதமல்லவா இது! ஆனாலும் அதற்கு அடையாளங்கள் உண்டு. விடியற்புறத்திலே குயில் கூவுகிறது. "கொஹா கூவிவிட்டது, வருடம் பிறக்கப்போகிறது" என்று அயல்வீட்டுச் சிங்களத் தாயார் சொல்லுவார். மதிலுக்கு மேலாலே கொன்றை பொன்னாய்த் தொங்குகிறது. ஏப்ரல் முற்பாதியிலே சூரியன் நமது உச்சிக்கு நேரே வருகிறான். நண்பகலில் நமது நிழல் நமது காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. படம் பிடிப்பவனுக்கு அது ஆகாத வேளை. அப்போது ஒருவர் முகத்தை எடுத்தால் கண்கள் இரண்டும் கரிக்குழிகளாகத் தெரியும். ஆகவே இம்மாதத்திலே விடியற்காலைதான் எங்கள் தொழிலுக்கு ஏற்ற வேளை. நமது பெரியோர் நீராடி நீறு பூசி நிற்கச் சொன்ன வேளையும் அதுதான்.

என் தந்தையார் இங்குள்ள புகையிரத எஞ்சின் கொட்டகையிலே வேலை செய்தவர். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலம். இரவு வேலை முடிந்து விடியும்போது கரியும் எண்ணெயுமாக வீட்டுக்கு வருவார். வந்தவுடன் கிணற்றடிக்குப் போவார். தோய்ந்து வந்து, திண்ணையிலே கிழக்கு நோக்கி நின்று, மூன்று விரலாலே நீறு பூசி, கண்ணை மூடிச் சிறிது நேரம் நிற்பார். அதன்பிறகுதான் தேநீர். ஒருநாளாவது இந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை.

அவரிடம் ஒரு பெட்டிக் கமெரா இருந்தது. ஒரு சுருளுக்கு எட்டே படம். எனக்குப் பத்து வயதானபோது அதை என் கையிலே தந்தார். வெள்ளிக்கிழமைகளில் எங்களைக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 1857இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயில் அது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை அதனைக் கருங்கல்லாலே புதுக்கினார். வெயிலிலே நடந்துபோய் அக்கற்றளிக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. தூண் எது, ஆள் எது என்று தடுமாறுவோம். நான் அவசரப்பட்டு முன்னே ஓடினால் தந்தையார் தோளைப் பிடித்து நிறுத்துவார். "பொறு தம்பி, கண் பழகட்டும்" என்பார். நிற்போம். சிறிது சிறிதாகத் தூணின் வடிவம் தெரியும். பிறகு விளக்குச் சுடர். பிறகு அச்சுடருக்குப் பின்னாலே சந்நிதி.

இளைஞர்களே, அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணின் பாவை இருட்டிலே விரிவதற்கு நேரம் வேண்டும் என்பது உடற்கூற்று நூல் கூறும் உண்மை. மங்கிய ஒளியிலே எடுக்கும் படத்துக்குக் கமெராவின் வாயிலை நீண்டநேரம் திறந்துவைக்க வேண்டும் என்பது தொழில் கூறும் உண்மை. மனத்துக்கும் அவ்வாறே என்பதைத்தான் நமது நித்திய கருமங்கள் கூறுகின்றன. விளக்கேற்றுவதும் பூப் பறிப்பதும் முற்றம் தெளிப்பதும் சிறு வேலைகள்தாம். நாள்தோறும் செய்யும்போது அவையே கண்ணைப் பழக்குகின்றன.

நமது கொழும்பு மண்ணிலே பிறந்த ஒருவர் இதற்குச் சான்று. இராமநாதனின் தாய்மாமனாகிய சேர் முத்து குமாரசுவாமியின் மகன், கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. பிறந்தது 1877இல், நமது நூதனசாலை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. பொலனறுவையிலே கண்டெடுக்கப்பட்ட நடராசர் முதலான செப்புத் திருமேனிகள் அந்நூதனசாலையிலே உள்ளன. கொழும்பு நூதனசாலையின் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1914இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கொச்சிக்கடைக் கோயில் கருங்கல்லிலே நிறைவெய்திய அதே 1912இல்தான் சிவனது திருநடனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் வந்தது. பின்னர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே பணியாற்றினார். அந்நாளிலே புகைப்படத்தை ஒரு கலையாக மதித்த நூதனசாலைகள் மிகக் குறைவு. அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ் என்னும் கலைஞர் எடுத்த இருபத்தேழு படங்களை 1924இல் அந்நூதனசாலை ஏற்றுக்கொள்வதற்குக் காரணராக நின்றவர் நமது குமாரசுவாமியே. நடராசத் திருமேனியின் முன் பொறுமையாக நின்று பழகிய கண், முகிலையும் தெருவையும் எடுத்த படத்திலும் அழகைக் கண்டுகொண்டது என்றே நான் எண்ணுகிறேன்.

இனி என் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். தந்தையார் 1979இல் காலமானார். அவருடைய படம் ஒன்றைச் சட்டம் போட்டுச் சுவாமி அறைச் சுவரிலே மாட்டி, அம்மா நாள்தோறும் பூ வைத்து வந்தார். 1983 ஆடியிலே அந்த வீடு எரிந்தது. உயிர் தப்பினோம். பெட்டிக் கமெராவும் நான் எடுத்த படங்களும் தந்தையாரின் முகமும் சாம்பலாயின. அகதி முகாமிலே முதல்நாட் காலை, அம்மா எங்கோ ஒரு குழாயடியிலே முகம் கழுவி வந்து, கிழக்கு நோக்கி நின்று, இன்னொருவரிடம் வாங்கிய நீற்றைப் பூசிக் கண்ணை மூடினார். திண்ணையிலே தந்தையார் நின்ற அதே நிலை. படம் இல்லாமலே அன்று அவரைக் கண்டேன்.

பல ஆண்டுகளின் பின், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் தம் ஆல்பத்திலிருந்து தந்தையாரின் படமொன்றை அனுப்பினார். அலுவலக அட்டைக்கென்று எடுத்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. நீறு வெள்ளையாக அடிக்கும் என்று சொல்லிப் படமெடுத்தவர் துடைக்கச் செய்திருக்க வேண்டும். நான் ஆவலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வெளிச்சத்திலே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது கொப்பர்தான். ஆனால் நெற்றி அவற்றை இல்லை" என்றார். பின்பு சிமிழைத் திறந்து, விரலாலே அந்தக் கண்ணாடியின்மேல் மூன்று கோடு இழுத்தார். இன்றும் என் வீட்டிலே அப்படம் அவ்வாறே இருக்கிறது. வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து, மறுபடி நீறு இடுவது இப்போது என் கடமை.

படம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இழந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் கேட்பது இரண்டு. ஒன்று, கோயிலுக்குள் நுழைந்தவுடன் கைத்தொலைபேசியை உயர்த்தாதீர்கள். தீபாராதனை வேளையிலே உங்கள் விளக்கு மின்னினால், பக்கத்திலே நிற்கும் முதியவர் பழக்கிவைத்த கண் கெட்டுப்போகிறது. முதலிலே நில்லுங்கள், கண் பழகட்டும், கும்பிடுங்கள்.

மற்றது, இச்சித்திரையிலே உங்கள் வீட்டிலே ஒரு படம் எடுங்கள். புதுப்புடவையும் புன்சிரிப்புமாக நிறுத்தி எடுப்பதல்ல. விடிய எழுந்து அம்மா விளக்குத் திரி திரிப்பதை எடுங்கள். அம்மம்மா பூத் தொடுப்பதை எடுங்கள். அப்பா நீறு பூசுவதை, அவருக்குத் தொந்தரவில்லாமல், யன்னல் வெளிச்சத்திலே எடுங்கள். அதைத் தொலைபேசிக்குள்ளே விட்டுவிடாமல் கடதாசியிலே பதிப்பித்து, பின்புறத்திலே பெயரும் திகதியும் எழுதி, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலே கொடுத்துவையுங்கள். ஏன் வேறொரு வீட்டிலே என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாளை விடியவே குயில் கூவும். சற்று முன்னதாக எழும்புங்கள்.