பின்னோக்கிப் போகும் பிள்ளைகள்



பள்ளிக்கூடத்தில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று படித்த நட்சத்திரங்களைக் கனடாவின் கிரீ மக்கள் ஓச்செக்காகப் பார்க்கிறார்கள். ஓச்செக் என்பது கீரி போன்ற உடலும் மரமேறும் வித்தையும் கொண்ட காட்டு விலங்கு. திருடப்பட்ட கோடைப் பறவைகளை மீட்கப் போனவன், வாலில் அம்பு பட்டு வானத்திலேயே தங்கிவிட்டான் என்பது அவர்கள் கதை. அதே இடத்தில் நமக்காக ஏழு முனிவர்களைக் குடியேற்றியது யார் என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஓச்செக்கை வைத்துத்தான் நார்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த டேவிட் ஏ. ராபர்ட்சன் சிறார் நாவல் வரிசை ஒன்றை எழுதினார். முதல் நாவல் 'தி பேரன் கிரவுண்ட்ஸ்' (2020). மார்கன், ஈலாய் என்ற இரு பூர்வகுடிப் பிள்ளைகள் வின்னிபெக் நகரில் வெள்ளையர் வீடொன்றில் வளர்ப்புப் பிள்ளைகள். ஈலாய் வரைந்த படத்தை மாடியறைச் சுவரில் பொருத்தியதும் வழி திறக்கிறது; மிசெவா என்ற விலங்குகளின் ஊருக்குள் போகிறார்கள். 'தி கிரேட் பேர்' (2021) என்ற இரண்டாம் நாவலில் அந்த வழி அவர்களைக் கடந்த காலத்துக்கே கொண்டுபோகிறது. முதல் நாவலில் இழந்த ஓச்செக்கை இளைஞனாகச் சந்திக்கிறார்கள். அவனுக்கு இவர்களைத் தெரியாது. அவனுக்கு நேரப்போவது இவர்களுக்குத் தெரியும்.

இதை வெறும் சாகசமாகப் படித்துவிட முடியாது. 2016 மக்கள்தொகைக் கணக்கின்படி, கனடாவில் 14 வயதுவரையான பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்பு வீடுகளில் இருந்த பிள்ளைகளிலோ 52.2 விழுக்காடு. அதற்கு முன்பு உறைவிடப் பள்ளிகள்: ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள். மார்கனின் கோபம் அங்கிருந்து வருகிறது. வளர்க்கிறவர்கள் அன்பானவர்கள்தான், அந்த அன்பால் அவளுடைய மொழியைத் திருப்பித் தர முடியவில்லை.

கடந்த காலத்துக்குப் போகிறவர்கள் ஏன் அந்தப் பள்ளிக்குப் போய்த் தடுக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பள்ளியைப் பற்றி ராபர்ட்சன் 'வென் வீ வேர் அலோன்' என்ற படக்கதையில் தனியாக எழுதியிருக்கிறார். இங்கே அவர் பிள்ளைகளை அனுப்புவது காயத்தின் நாளுக்கல்ல; கண்ணி வைக்கவும், கிடைத்ததைப் பகிரவும், கிரீச் சொற்களைக் காதால் கேட்கவும் முடிகிற ஓர் ஊருக்கு. பறிகொடுத்தது என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு முதலில் அதைத்தான் காட்ட வேண்டும். இந்தத் தேர்வு நமக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கம் வருவோம். தமிழ் வாசகனின் காலப்பயணம் பெரும்பாலும் சோழநாட்டுக்குத்தான். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். எந்தத் தெருவும் அவனை நிறுத்திச் சாதி கேட்பதில்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி ஆயிரம் ஆண்டு பின்னே போனால் எங்கே இறங்குவாள்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களின் கணக்கில் குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. நாவலாசிரியர்கள் பலர் சுற்றிவந்த கோயில்தான் அது. இந்தச் சொற்களுக்குள் கதை தேடிப் போனவர்கள் குறைவு.

அந்தச் சேரியில் அவளை இறக்குங்கள் என்று இங்கே எழுத வந்திருக்கும் மாணவர்களைக் கேட்கிறோம். அவள் அடிவாங்குவதை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அன்று இரவு எந்த அடுப்பில் என்ன வெந்தது, யார் பறைக்குத் தோல் இழுத்துக் கட்டினார்கள், வானத்தைக் காட்டிக் கிழவி ஒருத்தி அந்த ஏழு நட்சத்திரங்களுக்கு என்ன பெயர் சொன்னாள் என்பதையும் அவள் பார்த்து வரட்டும்.