குருதி சொல்லும் சேதி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில், ஒரே நுணுக்குக்காட்டியில் குருதிக் கலங்களை மாறி மாறிப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர். இன்று ஒருவர் ஆய்வுகூடத்தில், மற்றவர் தாதியாக. கொவிட் காலத்தில் எங்களை அழைத்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "அம்மாவின்ர ரிப்போட் வந்திட்டுது. சீஆர்பி கூடவாம். தப்புவாவோ?"

சீஆர்பி என்பது உடலில் அழற்சி உண்டாகும்போது ஈரல் சுரக்கும் புரதம். 1930 இல், நியுமோனியா நோயாளரின் குருதியில் கண்டறியப்பட்டது. கொவிட்டில் மட்டுமன்றி வேறு பல தொற்றுகளிலும் அது கூடும். டி-டைமர் என்பது உறைந்த குருதி கரையும்போது வெளிப்படும் துணிக்கை. 2020 இல் வுகானில் 191 நோயாளரை ஆராய்ந்தபோது, அனுமதிக்கப்பட்ட வேளையில் டி-டைமர் மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராமுக்கு மேலிருந்தவர்களிடையே இறப்பு அதிகமாய் இருந்தது. ஆனால் முதுமையிலும் கர்ப்பத்திலும்கூட டி-டைமர் உயரும். ஆகவே இவை எச்சரிக்கைகளே, தீர்ப்புகள் அல்ல.

டெங்குவில் பிளேட்லெட் எண்ணிக்கையை நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஒருநாள் எண்ணைவிட அது போகும் போக்கே பெரிது என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நாங்கள் தவறினோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்கு மூன்றாம் நாள் ரிப்போட் நன்றாகவே இருந்தது. "பயப்பிடாதேங்கோ" என்றோம். அந்த வார்த்தையை நம்பி, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்ப்பதை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாம் நாள் மூச்சு முட்டியது. வைத்தியசாலைக்குப் போகையில் காலம் கடந்துவிட்டது. தோழி எங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் மறக்கவில்லை.

பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வும் இதே பாடத்தையே தந்தது. டெக்சாமெதசோன் மருந்து, ஒட்சிசன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. டொசிலிசுமாப் மருந்தை ஆராய்ந்தபோது, ஒட்சிசன் குறைவு, லீற்றருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீஆர்பி ஆகிய இரண்டும் சேர்ந்திருந்தவர்களையே தெரிந்தார்கள். மூச்சையும் குருதியையும் சேர்த்தே பார்த்தார்கள்.

இப்போது யாராவது ரிப்போட்டோடு அழைத்தால் நாங்கள் முதலில் கேட்பது: "நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குதோ? எத்தனையாம் நாள்?" எண்ணைப் பிறகு கேட்கிறோம். கடைசியில் மறவாமல் சொல்கிறோம்: "நாளைக்கும் பாருங்கோ."