பல் அடைத்தாயிற்று, அத்தோடு முடிந்ததா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் மந்தைவெளிக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பல் டாக்டர் இல்லை. ஒரு பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்கிறவள். சிமெண்ட் கலக்கிக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணுவது, இதுதான் இருபது வருஷமாக என் வேலை. அங்கே பார்த்ததையும், டாக்டர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 1,200 ரூபாய் உள்கடன் கேட்டார். எதுக்கு என்று கேட்டோம். "பல் அடைக்கணும்" என்றார். "பல்லுக்கெல்லாமா கடன் கேப்பாங்க? போன வாட்டி அடைச்சதே விழுந்துடுச்சு, மறுபடியும் எதுக்குத் தண்டமா?" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஏழு மாசம் கழித்து, கன்னம் வீங்கி, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். ரூட் கெனால் பண்ணி, மேலே கேப் போட 9,000 ரூபாய் ஆயிற்று. அதோடு ஐந்து நாள் வேலைக்குப் போகாத சம்பளமும் போனது. அப்போது மட்டும் உடனே தீர்மானம் போட்டுக் கடன் கொடுத்தோம். இந்த வேலையிலேயே இருக்கிற நான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்.

அடைத்தது ஏன் விழுகிறது? "டாக்டர் சரியா அடைக்கல" என்றுதான் முதலில் நினைப்போம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல தடவை காரணம் நம் வாயில் இருக்கிற புளிப்பு, அதாவது அமிலம்.

புளிப்பை அளக்க பி.எச். என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 7 என்பது நடு. சுத்தமான தண்ணீர் அந்த அளவு. நல்ல எச்சிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எண் குறையக் குறைய புளிப்பு கூடும். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். தயிர் 4-க்கும் 5-க்கும் நடுவில். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில். கோலா பானங்கள் 2.5 பக்கத்தில். வாய்க்குள் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்தோடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற வயசானவர்களுக்கு இன்னும் சீக்கிரம், 6-க்கு மேலே இருக்கும்போதே வேர்ப்பகுதி கரையும்.

இந்தப் புளிப்பு மூன்று வழியாக வருகிறது. ஒன்று, நாம் சாப்பிடுகிற புளிப்பு. இரண்டு, வயிற்றிலிருந்து மேலே வருவது: வாந்தி, நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். மூன்றாவதுதான் பெரிசு. பல்லில் படிகிற மாவு மாதிரியான அழுக்கில் கிருமி இருக்கிறது. நாம் சர்க்கரை சாப்பிட்டால் அதுவும் சாப்பிட்டு அமிலத்தை விடும். பாலில் உறை ஊற்றினால் புளிக்கிறதே, அந்த லாக்டிக் அமிலம்தான் இதிலும் முக்கியமானது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷத்திலேயே புளிப்பு ஏறிவிடும். எச்சில் அதைச் சரிபண்ண அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த அக்காவுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடையில் வேலை. காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே பேச வேண்டும். தொண்டை காயக்கூடாது என்று வாயில் எப்போதும் ஒரு எலுமிச்சை மிட்டாய். நடுவில் ஐந்தாறு தடவை சர்க்கரை போட்ட டீ. எச்சில் ஒரு தடவை சரிபண்ணி முடிப்பதற்குள் அடுத்த டீ வந்துவிடும். நாள் முழுக்க பல் புளிப்பிலேயே ஊறிக்கொண்டிருக்கும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம்.

இனி, பல்லில் அடைக்கிற பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய வெள்ளி அடைப்பு நம் அம்மாக்கள் வாயில் கருப்பாக இருக்கும். ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. புளிப்பு இதை அவ்வளவாகக் கரைக்காது. பாதரசம் சுற்றுப்புறத்துக்குக் கெடுதல் என்று 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் வந்தது. இந்தியாவும் 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் இதன் உபயோகம் குறைந்துகொண்டு வருகிறது. வாயில் நன்றாக இருக்கிற வெள்ளி அடைப்பைப் பயந்துகொண்டு எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஜி.ஐ.சி. என்கிற சிமெண்ட். கண்ணாடிப் பொடியையும் ஒரு அமிலத் திரவத்தையும் கலந்து செய்வது. லண்டனில் கண்டுபிடித்தார்கள். நான் தினமும் கலக்குவது இதைத்தான். விலை குறைவு. பல்லோடு தானாக ஒட்டும். ஃப்ளூரைடு விட்டுக்கொண்டே இருப்பதால் பக்கத்துப் பல்லுக்கும் நல்லது. ஆனால் புளிப்புக்கு இது கொஞ்சம் பலவீனம். கோலா, எலுமிச்சை ஜூஸ் அடிக்கடி பட்டால் மேல்பகுதி கரைந்து சொரசொரப்பாகி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அடைத்த புதிதில் ஈரமே ஆகாது. அதனால்தான் மேலே வாஸ்லினோ வார்னிஷோ தடவி அனுப்புகிறோம். "ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீங்க" என்று சொன்னால் சிலர் தெருமுனையிலேயே சர்பத் குடித்துவிடுகிறார்கள்!

மூன்றாவது, பல் கலரிலேயே இருக்கும் காம்போசிட். நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பது. இதை ஒட்ட வைக்கவே டாக்டர் முதலில் பல்லில் அமிலம் தடவுவார். நீல ஜெல் வைத்து, சில நொடியில் கழுவுகிறார்களே, அது பாஸ்பாரிக் அமிலம். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எனாமல் சொரசொரப்பாகி, பசை பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். கோலாவில் இருப்பதும் அதே அமிலம்தான், அளவு ரொம்பக் குறைவு. காம்போசிட் சிமெண்ட் மாதிரிக் கரையாது. ஆனால் புளிப்பு அடிக்கடி பட்டால் மேல்பாகம் மென்மையாகி, காபிக் கறையும் மஞ்சள் கறையும் ஏறும். இறுகும்போது கொஞ்சம் சுருங்குவதால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழலாம். அமிலம் அதற்குள் போனால் அடைப்புக்கு அடியில் இருக்கிற பல் மறுபடியும் சொத்தையாகும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே பொக்கையாகியிருக்கும். எந்தப் பொருளால் அடைத்தாலும் சுற்றி இருப்பது நம் பல்தான். அது கரைந்தால் அடைப்புக்குப் பிடிப்பு இல்லை.

கிராம்பு வாசனை வருகிற தற்காலிக அடைப்பு ஒன்று உண்டு. வலி நின்றதும் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை. அது சில நாளுக்குத்தான். டாக்டர் சொன்ன தேதியில் கட்டாயம் போய்விடுங்கள்.

அப்படியானால் புளிக்குழம்பையும் ரசத்தையும் விட வேண்டுமா? வேண்டாம். சாப்பாட்டோடு சாப்பிடும்போது எச்சில் நிறைய ஊறும், பல்லைக் காப்பாற்றும். அறுபத்து மூவர் திருவிழாவில் மாட வீதிப் பந்தலில் ஒரு டம்ளர் நீர்மோரோ பானகமோ குடித்தால் பல் விழுந்துவிடாது. பெசன்ட் நகர் பீச்சில் என்றைக்கோ ஒரு நாள் மாங்காய் பத்தை சாப்பிடலாம். தினமும், மணிக்கணக்காக வாயில் வைத்துக்கொண்டிருப்பதுதான் தப்பு.

நாம் செய்யக்கூடியவை இவ்வளவுதான்:

புளிப்போ இனிப்போ சாப்பிட்டதும் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளியுங்கள். டீயைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொண்டு, நடுவில் வெறும் தண்ணீர் குடியுங்கள்.

புளிப்பு சாப்பிட்ட உடனே பல் தேய்க்காதீர்கள். அப்போது எனாமல் மென்மையாக இருக்கும். அரை மணி நேரம் போகட்டும்.

மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள். உடனே பிரஷ்ஷை எடுக்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அடிக்கடி நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

சர்க்கரை நோய் இருந்தாலும், சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிட்டாலும் வாய் வறளும். எச்சில் இல்லாத வாயில் புளிப்பைத் தடுக்க ஆளில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள்.

பல் வெள்ளையாகும் என்று எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள். ராத்திரி படுக்கும் முன் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் தேய்த்துவிட்டுப் படுங்கள்.

அடைத்த பல்லில் உணவு சிக்கினால், கூசினால், ஓரத்தில் கருப்புக் கோடு தெரிந்தால், நாக்கில் கூர்மையாகப் பட்டால், வலி வரும்வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

காசு இல்லையென்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ல் தொடங்கியது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அந்த 9,000 ரூபாய்க் கடனை அக்கா இன்னும் மாசாமாசம் கட்டிக்கொண்டிருக்கிறார். 1,200 கொடுத்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். அதனால், பல் அடைக்கக் கேட்கும் சிறு கடனை மருத்துவக் கடனாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாமல் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுத வேண்டும். எங்கள் குழுவில் எழுதிவிட்டோம். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது அந்த அக்காதான். தலைப்பை எடுத்து வாயை மூடாமல், எல்லோர் முன்னாலும் நின்று பேசினார்.